கடப்பாக் கல் அலமாரிக்குக் கதவு: அம்மாவின் சின்ன அறையில் சாமான் வைக்க இடம் செய்தது

1990-களில் கட்டிய வீடுகள் பலவற்றில் படுக்கையறைச் சுவரில் இப்படி ஓர் அமைப்பு இருக்கும். தரையிலிருந்து ஏழடி உயரத்துக்கு ஒரு குழிவு, அதில் கடப்பாக் கல் பலகைகள், மேலே இரண்டடி நீட்டிய கான்கிரீட் லாஃப்ட். கதவு கிடையாது. முன்னால் ஒரு கம்பியில் திரைச்சீலை தொங்கும். தாம்பரம் பக்கத்தில் நாங்கள் இருக்கும் வீட்டின் சின்ன அறையிலும் இதுதான் இருந்தது. அறை பத்துக்கு ஒன்பது அடி. ஊரிலிருந்து அம்மா எங்களோடு வந்து இருக்கப் போகிறார், அவருக்கான அறை அது. முழங்கால் வலியால் அவரால் குனிய முடியாது. தோளுக்கு மேல் கையைத் தூக்கவும் சிரமம். இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் எல்லாவற்றையும் செய்ய வேண்டியிருந்தது.

முதலில் ஓர் இன்டீரியர் நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்டோம். சதுர அடிக்கு 1,650 ரூபாய் என்றார்கள். ஆறடிக்கு ஏழடி என்றால் 42 சதுர அடி, 69,300 ரூபாய். லாஃப்ட் கதவு தனி. கல் பலகைகள் எல்லாவற்றையும் உடைத்து எடுத்துவிட்டு, அந்தக் குழிவுக்குள் பிளைவுட்டில் ஒரு பெரிய பெட்டி செய்து நுழைப்பது அவர்கள் திட்டம்.

அங்கேதான் எனக்கு யோசனை வந்தது. ஒரு வார்ட்ரோபில் பிளைவுட்டை அதிகம் தின்பது உள்பெட்டிதான். பக்கப் பலகை, நடுப் பலகை, தட்டுகள், பின்பலகை என்று கதவைப் போல இரண்டு மடங்கு பலகை அதற்குள் போய்விடும். நம் வீட்டில் அந்தப் பெட்டி ஏற்கெனவே கல்லில் இருக்கிறது. கடப்பாக் கல் சுண்ணாம்புப் பாறை வகை. கரையான் தின்னாது, மழைக்காலத்தில் உப்பாது, மூன்றடி நீளத்துக்குத் தொய்யாது. அதை உடைத்துப் போட்டுவிட்டு, கரையான் தின்னக்கூடிய பொருளால் அதே பெட்டியைச் செய்ய எதற்குச் செலவு செய்ய வேண்டும்? கல்லை வைத்துக்கொண்டு கதவு, இழுப்பறை, கம்பி மட்டும் நாமே சேர்ப்போம் என்று முடிவு செய்தோம். அந்த ஒரு முடிவிலேயே செலவு பாதிக்குக் கீழே போய்விட்டது.

உங்கள் வீட்டில் கல் இல்லை, பிளைவுட்டில்தான் தட்டு வைக்க வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தட்டின் நீளம் கூடக் கூட, தொய்வு பல மடங்காகும். இரண்டடித் தட்டை மூன்றடியாக்கி, அதே அளவில் நெருக்கமாகத் துணி அடுக்கினால் தொய்வு ஐந்து மடங்கு. பலகையை 18 மி.மீ.யிலிருந்து 12-க்குக் குறைத்தால் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. அதனால் 18 மி.மீ. பலகைக்கு இரண்டரை அடிக்கு ஒரு தாங்கல் கொடுத்துவிடுவது நல்லது.

அளவு எடுத்தது

சுவரை அளப்பதற்கு முன் சாமான்களை அளந்தோம். அம்மாவின் பொருள்களை எல்லாம் கட்டிலில் பரப்பி, தினமும் தேவைப்படுவது, மாதத்துக்கு ஒரு முறை தேவைப்படுவது, வருஷத்துக்கு ஒரு முறை எடுப்பது என்று மூன்றாகப் பிரித்தோம். தினமும் தேவைப்படுபவை எதிர்பார்த்ததைவிடக் குறைவு: நூல் புடவைகள், ரவிக்கை, உள்பாவாடை, துண்டு, மருந்து, கண்ணாடி, ஒரு பை. பட்டுப் புடவைகளும் போர்வைகளும் இரண்டாவது பிரிவு. கொலு பொம்மைகளும் பித்தளைப் பாத்திரங்களும் மூன்றாவது.

புடவையின் அகலம் பெரும்பாலும் 46, 47 இன்ச். அதை நாலாக மடித்தால் 12 இன்ச் சொச்சம். ஆக, மடித்த புடவைக்கு 14 இன்ச் ஆழம் தாராளம். கடைகளில் விற்கும் பீரோ, வார்ட்ரோப் எல்லாம் இரண்டடி ஆழத்தில் இருப்பதற்குக் காரணம் ஹேங்கர்தான். பெரிய ஹேங்கர் 17, 18 இன்ச் அகலம். அதைக் குறுக்காக மாட்டிக் கதவையும் மூட வேண்டுமென்றால் 22 இன்ச்சாவது வேண்டும். மடித்து வைக்கும் துணிக்கு அந்த ஆழம் தேவையே இல்லை. பின்னால் ஒரு வரிசை, முன்னால் ஒரு வரிசை என்று அடுக்கி, பின்வரிசையை மறந்துவிடுவோம், அவ்வளவுதான் நடக்கும். சின்ன அறையில் ஆழம் குறைவான அலமாரி ஒரு குறையே இல்லை.

பிறகு குழிவை அளந்தோம். மேலே அகலம் 73 இன்ச், கீழே 72½. இடது பக்க உயரம் 85½, வலது பக்கம் 85¼. தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தால் இடது சுவர் மேலே போகப் போக வெளியே சாய்ந்திருந்தது. பழைய பூச்சு வேலையில் இது சகஜம். அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்திலும், இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்காமல் கதவு வெட்டக் கூடாது. நடுவில் நின்றபடி ஒரு செங்குத்துக் கல். அதன் இரு பக்கமும் 21, 41, 61 இன்ச் உயரங்களில் பலகைக் கற்கள். கற்கள் சுவர் முகத்திலிருந்து இரண்டே கால் இன்ச் உள்ளே தள்ளியிருந்தன. கற்களின் ஆழம் 16 இன்ச். அந்த இரண்டே கால் இன்ச் எங்களுக்குப் பெரிய உதவி. மரச் சட்டம் அதற்குள் அப்படியே உட்கார்ந்துவிடும், அறைக்குள் நீட்டாது.

கட்டிலின் ஓரத்தில் அம்மாவை உட்காரச் சொல்லி, கை எட்டும் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்துக்கொண்டேன். உட்கார்ந்தபடி 20 முதல் 40 இன்ச் வரை வசதி. நின்றால் 60 இன்ச் வரை. இடது பக்கத்தில் 21-க்கும் 41-க்கும் நடுவே இருக்கும் இடம் இழுப்பறைக்கு என்று அப்போதே முடிவாகிவிட்டது.

ஓதமும் கல்லும்

குழிவின் பின்சுவர் வெளிச்சுவர். பூச்சில் ஒரு மூலை நிறம் மாறியிருந்தது. கதவு போட்டு மூடிவிட்டால் ஓதம் உள்ளேயே நிற்கும், துணியில் பூஞ்சை பிடிக்கும். அதனால் முதல் வேலையாக ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டோம். தாளின் உள்பக்கம் நீர் கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் கோத்தால் அது அறைக் காற்றின் ஈரம். எங்களுக்கு உள்பக்கம்தான் கோத்தது. வெளியே போய்ப் பார்த்தால் ஜன்னல் சன்ஷேடுக்கு மேலே முடி போன்ற விரிசல். கொத்தனார் அதைக் கீறி அகலப்படுத்தி, அடைத்து, மேலே நீர் தடுக்கும் பூச்சு அடித்தார். உள்பக்கம் உதிரும் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு நன்றாகக் காயவிட்டோம். ஐப்பசி மழைக்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். அதற்கு அப்புறம் சுவர் காயாது.

வலது பக்கத்தில் துணி தொங்கவிட 40 இன்ச் உயரம் தேவை. அதற்கு 41 இன்ச்சில் இருந்த கல்லை எடுக்க வேண்டும். முதலில் கொத்தனாரிடம் கேட்டேன்.

"இந்தக் கல்லை எடுத்தா நடுக்கல்லு நிக்குமாண்ணே?"

"இடது பக்கம் மூணு கல்லும் பிடிச்சிருக்கும்மா. மேல லாஃப்ட்டு சுவத்துல ஒக்காந்திருக்கு, இது மேல இல்ல. ஒண்ணு எடுக்கலாம். ரெண்டு கேட்டா நான் மாட்டேன்."

இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்தக் கல்லிலும் கை வைக்கக் கூடாது. சில வீடுகளில் நடுக்கல்தான் மேல் கற்களைத் தாங்கிக்கொண்டிருக்கும். சுவரில் பதிந்த ஓரத்தை அவர் கட்டர் வைத்து அறுத்தார். சுத்தியலால் தட்டியிருந்தால் மற்றக் கற்களும் விட்டிருக்கும். அந்த அளவுக் கல் 20 கிலோவுக்கு மேல் வரும், ஆகவே இரண்டு பேர் பிடித்து இறக்கினோம். எடுத்த கல்லையும் வீணாக்கவில்லை. அதை நீளவாக்கில் பட்டைகளாக அறுத்து, சட்டத்துக்கு அடியில் தரையோடு ஒட்டிப் பதித்தோம். மரம் நேராகத் தரையில் நின்றால் வீடு துடைக்கும் தண்ணீர் தினமும் அதில் ஏறும். கீழ்ச்சட்டம் ஐந்தாறு வருஷத்தில் இற்றுப்போவது இதனால்தான். கல்லுக்கு மேல் நின்றால் அந்தக் கவலை இல்லை.

இதோடு ஒரு விஷயம். லாஃப்டில் எட்டி எடுக்கக் கடப்பாக் கல்லில் கால் வைத்து ஏறுவது நம் வீடுகளில் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். மரம் உடையும் முன் வளைந்து எச்சரிக்கும். கல் அப்படிச் செய்யாது, ஒரே நொடியில் முறியும்.

உள்ளே முழுக்க வெள்ளை டிஸ்டம்பர் அடித்தோம். கறுப்புக் கல்லின் மேல் வெளிர்நிற வினைல் விரிப்பு. கண்பார்வை மங்கியவருக்குக் கறுப்புப் பலகையில் வைத்த நீலப் புடவை தெரியாது. கதவைத் திறந்தால் எரியும் சின்ன எல்இடி விளக்கு, பக்கத்துக்கு ஒன்று.

சட்டம்

புது மரத்துக்குப் பதில், இடித்த வீடுகளின் மரம் விற்கும் கடையில் பழைய தேக்கு ஜன்னல் சட்டங்களைத் தேடிப் பிடித்தோம். பழைய மரம் காய்ந்து அடங்கியிருக்கும், இனி முறுக்காது. எடுக்கும்போது வைரம் பாய்ந்த கட்டையாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஓரத்தில் வெளிறிப்போன பகுதி இருந்தால் தேக்கே ஆனாலும் பூச்சி அரிக்கும். ஆணி உள்ளே புதைந்திருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தடவிப் பார்த்து, எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகே இழைக்கக் கொடுக்கலாம். ஓர் ஆணி மாட்டினாலும் இழைப்புளி மெஷினின் பிளேடு போய்விடும்.

இரண்டுக்கு இரண்டு இன்ச் கனத்தில் இழைத்து வாங்கினோம். மெலிசான சட்டம் போட்டால் செலவு குறையும்தான், ஆனால் உள்பக்கம் கீலின் தகட்டை முடுக்க இரண்டு இன்ச் ஆழம் வேண்டும். சட்டத்தின் வெளியளவு அகலம் 72, உயரம் 84. சுவர் கோணலாக இருந்தாலும் சட்டம் கோணலாக இருக்கக் கூடாது. எங்கள் தெரு ஆசாரி சட்டத்தைத் தரையில் படுக்க வைத்துக் கூட்டி, மூலைமட்டம் பார்த்து, இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக வரும்வரை தட்டி, அப்புறமே நிமிர்த்தினார். சுவரோடு ஒட்டும் பக்கத்தில் கரையான் மருந்து எண்ணெய் இரண்டு கை பூசி வெயிலில் காயவைத்தோம். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே வந்த இடைவெளியில் சின்ன ஆப்புகளை வைத்து, ரசமட்டம் சரியாக நிற்கும் இடத்தில் திருகினோம்.

திருகு நாலு இன்ச் நீளம். ஏன் அவ்வளவு என்றால், மரம் இரண்டு இன்ச், பூச்சு அரை இன்ச் போக, மிச்சம்தான் செங்கல்லுக்குள் போகும். பூச்சில் மட்டும் நிற்கும் திருகு கதவின் எடையில் உருவிக்கொண்டு வரும். பக்கத்துக்கு நாலு இடத்தில் 10 மி.மீ. பிளக். துளை போடும்போது சிவப்புத் தூள் வந்தால் செங்கல், சாம்பல் நிறத் தூள் தொடர்ந்து வந்தால் செங்கற்களுக்கு நடுவே உள்ள கலவை. அங்கே பிளக் நிற்காது, ஓர் இன்ச் தள்ளிப் போட வேண்டும். சுவர் ஓர இடைவெளியை மெல்லிய தேக்குப் பட்டி அடித்து மூடியாயிற்று.

பிளைவுட்டும் வெட்டும்

கடையில் எம்ஆர் (ஈரம் தாங்குவது), பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்குவது), பிடபிள்யூபி (கொதிநீர் புகாதது) என்று மூன்று தரம் சொல்வார்கள். முதல் இரண்டும் ஐஎஸ் 303 என்ற இந்தியத் தர எண்ணில் வரும், கடைசியது ஐஎஸ் 710. எம்ஆர் காற்றின் ஈரத்தை மட்டும் தாங்கும். சென்னைப் பக்க மழைக்கு, வெளிச்சுவரை ஒட்டிய அலமாரிக்கு, பிடபிள்யூஆர் எடுத்தோம். படுக்கையறைக்கு அதற்கு மேல் போகத் தேவையில்லை என்பது என் எண்ணம். அந்தப் பணத்தைக் கீலில் போடலாம். முத்திரையைப் பார்ப்பதோடு நிற்காமல் கடையில் ஒரு துண்டு வாங்கி வந்து, பழைய பாத்திரத்தில் தண்ணீரோடு சில மணி நேரம் கொதிக்கவிட்டோம். கூடவே ஓர் எம்ஆர் துண்டையும் போட்டோம். எம்ஆர் அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. மற்றது அப்படியே இருந்தது. அதன் பிறகே பலகைக்குப் பணம் கொடுத்தோம். பலகையின் ஓரத்தைச் சுற்றிப் பார்த்து, அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை இருந்தால் வேறு பலகை கேட்கலாம். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

கதவு எப்படிப் பிரிப்பது என்பதில்தான் பலகைக் கணக்கு இருக்கிறது. எட்டடிக்கு நாலடிப் பலகை என்றால் 96-க்கு 48 இன்ச். எங்கள் கதவுகள் 17 இன்ச் அகலம், கீழ்க்கதவு 60 இன்ச் உயரம், மேல்கதவு 20. கீழே நாலு, மேலே நாலு. ஒரு பலகையில் பக்கத்தில் பக்கமாக இரண்டு கீழ்க்கதவு, அதே நேர்கோட்டில் அவற்றுக்கு மேல் இரண்டு மேல்கதவு. ஆக, இரண்டு பலகையில் எட்டுக் கதவும் முடிந்தது. ஒவ்வொரு பலகையிலும் ஒரு பக்கம் 14 இன்ச் அகலத்தில் எட்டடி நீளப் பட்டையும், நுனியில் 34-க்கு 16 துண்டும் மிஞ்சும். (ரம்பம் தின்பது இதில் கொஞ்சம் குறையும்.) இழுப்பறைப் பெட்டியின் ஆழம் 14 இன்ச் என்று நான் முடிவு செய்ததற்கு அந்தப் பட்டையும் ஒரு காரணம். பெட்டியின் இரு பக்கங்கள் பட்டையிலிருந்து, மேலும் கீழும் அந்த 34 இன்ச் துண்டுகளிலிருந்து. வீட்டில் தாளில் வரைந்து, எல்லாத் துண்டும் எங்கே வருகிறது என்று பார்த்த பிறகு கடைக்குப் போனால், மூன்றாவது பலகை வாங்க வேண்டியிருக்காது.

ஏழடிக்கு ஒரே கதவாகப் போட்டால் பார்க்க அழகுதான். ஆனால் 18 மி.மீ. பலகை அந்த உயரத்தில் வளையும். 60-க்கும் 20-க்கும் பிரித்ததில் இன்னொரு நன்மை, அம்மா மேல்கதவைத் தொடவே வேண்டாம். ஸ்லைடிங் கதவு வேண்டாமென்று விட்டதற்கும் காரணம் உண்டு. அது இருக்கிற ஆழத்தில் மூன்று இன்ச்சுக்கு மேல் எடுத்துக்கொள்ளும், எப்போதும் பாதி அலமாரிதான் திறந்திருக்கும். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இரண்டடி இருக்கிறது. 17 இன்ச் கதவு அங்கே தாராளமாகத் திறக்கும்.

பலகையைக் கடையிலேயே மெஷினில் வெட்டி வாங்கினோம். 18 மி.மீ. முழுப் பலகை 35 கிலோ அளவுக்கு வரும். வெட்டிய துண்டுகளை ஆட்டோவில் கொண்டுவருவதும் சுலபம்.

மைக்கா ஒட்டும்போது பணம் மிச்சம் பிடிக்கிறேன் என்று வெளிப்பக்கம் மட்டும் ஒட்டிவிடக் கூடாது. ஒரு பக்கம் மூடியிருந்து மறுபக்கம் ஈரத்தை இழுத்தால் கதவு நிச்சயம் வளையும். வெளியே 1 மி.மீ. மைக்கா, உள்ளே விலை குறைந்த 0.7 மி.மீ. லைனர். வெளிநிறம் வெளிர் சந்தனம். பளபளப்பு இல்லாதது, ஏனென்றால் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கண் கூசும். பசையைப் பல் வைத்த தகட்டால் ஒரே சீராக இழுத்துப் பரப்பி, கதவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே மீதிக் கடப்பாக் கற்களை வைத்து ஒரு ராத்திரி முழுக்க விட்டோம். மறுநாள் ஓரங்களை அரத்தால் தேய்த்து பட்டி ஒட்டினோம். ஓரம் திறந்திருந்தால் பிளைவுட் ஈரத்தை அங்கேதான் குடிக்கும். ஆகவே கீழ் ஓரத்தையும் விடவில்லை.

கீல், இழுப்பறை, கம்பி

அசையும் பொருளில் சிக்கனம் பிடிக்காதீர்கள். பலகையில் ஒரு கீறல் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இழுப்பறை சிக்கினால் தினமும் ஒருவர் கை வலிக்கும்.

கதவைத் தானாக இழுத்து மூடும் கீல்தான் ஆட்டோ கீல், அதன் கிண்ணம் கதவுக்குள் பதியும். அதில் கடைக்காரர் "ஜீரோவா, எட்டா, பதினாறா?" என்று கேட்பார். கதவு சட்டத்தை முழுதாக மூடினால் ஜீரோ, பாதி மூடினால் எட்டு, சட்டத்துக்குள் உட்கார்ந்தால் பதினாறு. எங்கள் கதவு சட்டத்தின் மேல் அரை இன்ச் ஏறி உட்காரும், ஆகவே எட்டு. 60 இன்ச் கதவுக்கு மூன்று, 20 இன்ச் கதவுக்கு இரண்டு, மொத்தம் 20 கீல். கிண்ணத்துக்கான துளை 35 மி.மீ. விட்டம், ஏறத்தாழ 12 மி.மீ. ஆழம். துளையின் மையம் கதவு ஓரத்திலிருந்து 22 மி.மீ. இதை ஆசாரியிடம் விட்டுவிட்டோம். அவரிடம் அதற்கான கட்டர் இருந்தது, இதற்காக மட்டும் நாம் ஒன்று வாங்குவதில் பயனில்லை. திருகு 16 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, போனால் முன்பக்க மைக்காவைத் தள்ளும்.

இழுப்பறை ஓடும் தண்டவாளம் போன்ற சேனலைக் கல்லில் திருக முடியாது. அதனால் 18 மி.மீ.யில் தனிப் பெட்டி செய்து, இரண்டு கல்லுக்கு நடுவே அப்படியே நுழைத்தோம். பெட்டியின் உயரம் 18 இன்ச், ஆழம் 14, வெளியகலம் 30. சட்டத்தின் திறப்பு 33 இன்ச். பக்கத்துக்கு ஒன்றரை இன்ச் விட்டது எதற்கென்றால், திறந்த கதவின் கீல் உள்ளே கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். அதை யோசிக்காமல் அகலமாகச் செய்தால் இழுப்பறை கீலில் முட்டும். மூன்று இழுப்பறைகள், 14 இன்ச் டெலஸ்கோப் சேனல். இழுப்பறையின் வெளியகலம், பெட்டியின் உள்ளகலத்தைவிட 26 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். சேனல் பக்கத்துக்கு 13 மி.மீ. எடுத்துக்கொள்ளும். இந்த அளவு கூடினாலும் குறைந்தாலும் ஓட்டம் சரியாக வராது. பக்கங்கள் 12 மி.மீ., அடிப்பலகை 6 மி.மீ. அடிப்பலகையை வெறுமனே கீழேயிருந்து ஆணி அடிக்காமல் பக்கப் பலகைகளில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து நுழைத்தோம். புடவையின் எடை மொத்தமும் அங்கேதான் விழுகிறது.

வலது பக்கத்தில் ஹேங்கர் குறுக்கே போகாது என்று முன்பே தெரியும். அதனால் கம்பியை முன்னும் பின்னுமாகப் போட்டோம். பின்சுவரில் ஒரு கட்டை, முன்னால் நடுக் குறுக்குச் சட்டத்தின் பின்பக்கம் ஒரு கட்டை, இரண்டுக்கும் நடுவே கம்பி. கதவைத் திறந்தால் முதல் புடவை முகத்தைக் காட்டி நிற்கும். பத்துப் பன்னிரண்டு ஹேங்கர் மாட்டலாம், தினம் உடுத்த அது போதும். கம்பிக்குப் பக்கத்தில் மீந்த ஓரடிக்குச் சற்றுக் கூடுதலான இடத்தில் கொக்கிகள்: பை, குடை, கைத்தடி.

பட்டுப் புடவைகள் மேல் இழுப்பறையில். ஒவ்வொன்றும் தனித்தனியாக வெள்ளை நூல் துணியில். அந்துருண்டை ஜரிகையில் பட்டால் கறுத்துவிடும் என்று அம்மா எப்போதும் சொல்வார், அதனால் உலர்ந்த வேப்பிலையைச் சின்ன முடிச்சாகக் கட்டி மூலையில் வைத்திருக்கிறோம். சில மாதங்களுக்கு ஒரு முறை மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜரிகை மடிப்பிலேயே விட்டுப்போகும். இழுப்பறை கட்டில் உயரத்தில் இருப்பதால் அதை அவரே உட்கார்ந்து செய்கிறார். பசை வாசனை போகும்வரை மூன்று வாரம் கதவுகளைத் திறந்து வைத்த பிறகுதான் பட்டை உள்ளே வைத்தோம்.

கைப்பிடி விஷயத்தில் குமிழ் வேண்டாம். விரல் மூட்டு வலிக்கிறவருக்குக் குமிழைப் பிடித்து இழுப்பது கஷ்டம். நாலு விரலும் உள்ளே போகிற எட்டு இன்ச் கைப்பிடி போட்டோம். ஒவ்வொரு கீழ்க்கதவிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று காற்றோட்ட ஜாலி. ஜாலியின் துளையில் பூச்சி நுழையாதபடி உள்ளே வலை.

மீதிப் பட்டைகளை நாலரை இன்ச் அகலத்தில் கிழித்து, அறைக் கதவுக்குப் பின்னால் வீணாகக் கிடந்த சுவரில் ஒல்லியான ஓர் அடுக்கு செய்தோம். மருந்து, கண்ணாடி, விபூதி டப்பா, சுலோகப் புத்தகம் எல்லாம் ஒரே வரிசை, ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிய இடமில்லை. அறைக் கதவு அதில் மோதாமலிருக்கத் தரையில் ஒரு தடுப்பு. லாஃப்டுக்கு இப்போதைக்குத் திரைதான், கொலுப் பெட்டிகளும் பாத்திரங்களும் அங்கே.

கணக்கு

பிளைவுட் மூன்று கனத்திலும் சேர்த்து 8,160. மைக்காவும் லைனரும் 4,200. பசை 1,750. கீல், சேனல் 2,480. பழைய தேக்கு 3,000. ஓரப் பட்டி, திருகு, கைப்பிடி, ஜாலி, விளக்கு 2,300. கொத்தனார், ஆசாரி, வெட்டுக் கூலி 4,400. ஆட்டோ 500. மொத்தம் 26,790 ரூபாய். வெளிச்சுவர் விரிசல் வேலையை இதில் சேர்க்கவில்லை, அது எப்படியும் செய்ய வேண்டிய வேலை. மைக்காவுக்குப் பதில் பிரைமர் அடித்து எனாமல் பூசியிருந்தால் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு பூச வேண்டும், மைக்காவுக்குச் சொன்ன அதே காரணம்தான்.

மழை முடிந்த பிறகு வலது பக்கக் கீழ்க்கதவுகள் இரண்டும் நடுவில் லேசாக உரசின. ஆட்டோ கீலில் இதற்கு ஆசாரி வர வேண்டாம். கீலின் கையில் இரண்டு திருகு இருக்கும். கதவுக்குக் கிட்டத்தில் இருப்பதைத் திருப்பினால் கதவு இடம் வலமாக நகரும். பின்னால் இருப்பதைத் தளர்த்தினால் முன்னும் பின்னும் நகரும். கதவை மேலே கீழே நகர்த்த, சட்டத்தில் இருக்கும் தகட்டின் திருகுகளைத் தளர்த்த வேண்டும். முதல் திருகை ஒவ்வொரு கீலிலும் அரைச் சுற்று திருப்பியதும் இடைவெளி சரியாகிவிட்டது. மேல் கீலில் தொடங்கிக் கீழே வர வேண்டும். ஒரு கீலில் மட்டும் திருப்பி நிறுத்திவிட்டால் கதவு சாய்ந்து நிற்கும். பின்சுவரில் அதே பிளாஸ்டிக் தாள் சோதனையை மறுபடி செய்து பார்த்தோம், உள்பக்கம் காய்ந்தே இருந்தது. அடுத்து லாஃப்ட் கதவு. அதற்கு இன்னொரு பலகை வாங்கலாமா, வீட்டில் கிடக்கும் பழைய கட்டில் பலகையை இழைத்துப் பார்க்கலாமா என்று ஆசாரியோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.